அவர் பேர் ஒட்டிய டப்பா

ராஜம் செய்த தப்பு இவ்வளவுதான்: வீடு தேடி வந்த பெண்ணை மூன்றாம் முறையும் வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண் தேவிகா. அம்பகரத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பின்சீட்டில் ஐஸ் பெட்டி கட்டியிருக்கும். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று கிராமங்களில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு மாதிரி சேகரிப்பது அவள் வேலை. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஆனாலும் வயலில் பாடுபடுகிறவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. வெயிலா, தண்ணீரா, பயிருக்கு அடிக்கிற மருந்தா, உடம்புவலிக்கு விழுங்குகிற மாத்திரையா, எதனால் என்று கண்டுபிடிக்க விழிதியூரில் அறுபது விவசாயிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டியலில் ராஜத்தின் புருஷன் சுவாமிநாதன் பெயர் இருந்தது. ராஜத்தின் பெயர் இல்லை. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயியாம். நாற்றுப் பறிக்கிறவளும் நடுகிறவளும் களையெடுக்கிறவளும் வேறு ஏதோ ஜாதி போலிருக்கிறது.

கேட்டது காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர். அங்கேதான் வம்பு வந்தது. சுவாமிநாதன் விடிவதற்குள் எழுந்து, முகம்கூடக் கழுவாமல் வயலுக்கு நடந்துவிடுகிற மனிதர். காலையில் செய்ய வேண்டியதையெல்லாம் வரப்போரத்திலேயே முடித்துக்கொள்வார். மகன் கலைவாணன் ஓசூரில் வேலைக்குப் போய் முதல் காரியமாகக் கட்டிக்கொடுத்த கழிப்பறையில் அவர் ஈர விறகைத்தான் அடுக்கிவைத்திருந்தார். அதுவோ குறுவை நடவு நேரம். முதல் நாள் டப்பாவையே மறந்துபோனார். மறுநாள் ராஜம் அதை அவர் கையில் கொடுத்தே அனுப்பினாள், மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "எந்த டப்பா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் தேவிகா வந்தபோது அவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அறுபது பேருல அய்யாது ஒண்ணுதான் பாக்கி. இன்னிக்கும் இல்லன்னு போய் நின்னா என்னைய வேலைய விட்டே தூக்கிருவாங்க."

ராஜம் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பிறகு சுவாமிநாதன் பேர் ஒட்டிய புது டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"செத்த இரு பாப்பா. அவங்க கொல்லையிலதான் இருக்காங்க. வாங்கியாந்துடுறேன்."

கொல்லையில் இரண்டு வாழை மரத்தையும் ஒரு கோழியையும் தவிர யாரும் இல்லை. ராஜம் தன் மனசுக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். ஒரே பானைச் சோறு, ஒரே பம்புத் தண்ணீர், ஒரே வெயில். முப்பது வருஷமாக இரண்டு பேர் உடம்புக்குள்ளும் போவது ஒன்றாக இருக்கும்போது வெளியே வருவது மட்டும் எப்படி வேறாகிவிடும்? கழிப்பறை விறகை ஓரமாகத் தள்ளினாள். டப்பாவை நிரப்பி, மூடி, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தேவிகா தன் படிவத்தில் 'மாதிரி கொடுத்தவர் அவரேதானா' என்ற கட்டத்தில் கேட்காமலே டிக் அடித்தாள். இரண்டு பேருக்கும் நிம்மதி.

மூன்று வாரம் கழித்துத் தேவிகாவோடு ஒரு டாக்டரம்மா வந்தார். சுவாமிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க அய்யா," என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? "சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும்போது சில புரதம் சிறுநீர்ல கசியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் புதுப் பரிசோதனை. உங்களுக்கு அது நெறயவே இருக்கு."

"எனக்கு ஒண்ணும் பண்ணலியேம்மா. நல்லா திங்கிறேன், படுத்தா தூங்குறேன்."

"ஆரம்பத்துல ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குத் தெரியறப்ப ரொம்ப லேட்டாயிடும்."

சுவாமிநாதன் ராஜத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அது அவங்களுது இல்ல' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டாக்டரம்மா, எதற்கும் ரத்தமும் பார்த்துவிடலாம் என்று ஊசியை எடுத்துவிட்டார். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள் ராஜம். ரத்தம் பொய் சொல்லாது. அவர் ரத்தம் அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும், தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.

ரத்தம் அப்படித்தான் சொன்னது. அப்பழுக்கில்லை. ஆனால் டாக்டரம்மா அசரவில்லை. "ரத்தத்துல தெரியறதுக்கு முன்னாடியே நம்ம பரிசோதனை கண்டுபிடிச்சிருக்கு பாருங்க," என்று போனில் அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி சிறுநீர் பார்க்க வேண்டும். அதுவரை உப்பைக் குறைக்க வேண்டும், வலி மாத்திரை தொடக்கூடாது, வெயிலில் வேலை கூடாது.

அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஒரு பெண்பிள்ளை, தன் மூத்திரத்தைப் புருஷன் பேரில் ஊற்றிக் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வாள்? வெட்கம் ஒரு வாரம் வாயைக் கட்டியது. அதற்கப்புறம் கட்டியது வெட்கமில்லை, பயம். நடவு நாட்களில் இடுப்பு விட்டுப்போகாமல் இருக்க தினம் சாயங்காலம் இரண்டு வலி மாத்திரை போடுகிறவள் அவள்தான். சுவாமிநாதன் மாத்திரை என்றாலே காத தூரம் ஓடுவார். பொழுது சாயும் நேரத்தில் கால் வீங்கி மெட்டி விரலை இறுக்குவதும் அவளுக்குத்தான். ஆனாலும் காகிதத்தில் இருந்தது அவர் பெயர். நோய் அவர் பேரில் இருக்கிற வரைக்கும் தனக்கு இல்லை என்று நம்ப ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நல்லவள்தான், ஆனாலும் அதைச் செய்தாள்.

வலி மாத்திரைகளை மட்டும் டாக்டரம்மா போன் வந்த அன்றைக்கே அடுப்பில் போட்டாள்.

சுவாமிநாதன் ஒரே மாதத்தில் நிஜமாகவே நோயாளி ஆகிவிட்டார். கன்னம் ஒட்டியது. எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். கழிப்பறையிலிருந்து விறகை அகற்றிவிட்டு, போகும்போதெல்லாம் நிறம் பார்த்தார். வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களின் நடையைப் பார்த்து, இன்னாருக்கும் இருக்கும், இன்னாருக்கு இருக்காது என்று ஜோசியம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். வயலுக்குப் போகவில்லை. அப்புறம் யார் போவது? ராஜம் போனாள்.

ஆடி வெயிலும் ஆவணி வெயிலும் அவள் தலையில்தான் விழுந்தது. தண்ணீர் கட்டினாள், களையெடுத்தாள், உரம் தெளித்தாள். மத்தியானம் கண்ணுக்குள் பூச்சி பறக்கும்போது வரப்பில் உட்கார்ந்து, வெயில் ஆகாத உடம்பு எது, நிழலில் உட்கார்ந்திருக்கிற உடம்பு எது என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். கொண்டுவந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மறுபடி குனிவாள்.

சமையல் ஒரே சட்டியில், உப்பில்லாமல். அவளும் அதைத்தான் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக் காசியம்மா ஒருநாள் குழம்பை ருசி பார்த்துவிட்டுத் துப்பாத குறை.

"ஒனக்கென்னடி வந்துச்சு? தனியா கொஞ்சம் உப்புப் போட்டுக்கக் கூடாதா?"

"ரெண்டு அடுப்பு எதுக்குக்கா?"

"புருஷனுக்கு இல்லாத உப்பு எனக்கும் வேணாம்னு இருக்கா பாரு," என்று காசியம்மா பம்படியில் சொல்ல, அது ஊர் முழுக்கப் போனது. சுவாமிநாதன் காதுக்கும் வந்தது. அன்று சாப்பிடும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டே, "எனக்காக நீ ஏன் நாக்கைக் கட்டிப்போட்டுக்கற?" என்றார். அந்த ஒரு பாராட்டுக்கு ராஜம் பட்ட கூச்சம், நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியிருந்தால்கூடப் பட்டிருக்க மாட்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை ஆறரைக்குத் தேவிகாவின் ஸ்கூட்டி வாசலில் நின்றது. இந்தத் தடவை சுவாமிநாதன் எங்கேயும் போகவில்லை. அவர் கையில் டப்பாவைக் கொடுத்த தேவிகா, "அய்யாவோட ரிசல்ட்டுக்குத்தான் எல்லாரும் காத்துட்டிருக்காங்க. உப்பக் குறைச்சு, வெயில்ல போகாம இருந்ததுல குறைஞ்சிருந்துச்சுன்னா, மத்த ஊருலயும் இதையே சொல்லிப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க," என்றாள்.

காபி கலந்துகொண்டிருந்த ராஜத்தின் காதில் அது விழுந்தது. அவர் டப்பாவில் இன்று ஒன்றும் இருக்காது. ஆகா, குணமாகிவிட்டது என்பார்கள். அவர் எழுந்து வயலுக்குப் போவார், நல்லதுதான். ஊர் ஊராகப் போய், நிழலில் மூன்று மாதம் உட்காருங்கள், சரியாகிவிடும் என்று இல்லாத வைத்தியத்தைச் சொல்வார்கள். அதை நம்பி எத்தனை பேர் உட்காருவார்களோ. அவள் செய்த காரியம் அவளோடு போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியாது.

"ராஜம்," என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. "இங்க வா கொஞ்சம்."

போனாள். சுவாமிநாதன் வாழை மரத்தோரமாக நின்றுகொண்டிருந்தார். டப்பா காலியாக இருந்தது. அவர் வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு பயமாருக்கு ராஜம். இன்னும் மோசம்னு வந்துச்சுன்னா நம்ம கலைவாணன் வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு சொல்லிட்டான். அவன் பொழப்பு கெட்டுப் போயிரும்." டப்பாவை அவள் கையில் திணித்தார். "நீ ஊத்திக் குடுத்துரு. ஒன்னோடது சுத்தமா இருக்கும். நல்லபடியா வந்துச்சுன்னு அவனுக்குச் சொல்லிடலாம். எனக்கு ஆகறது ஆகட்டும்."

ராஜம் டப்பாவைப் பார்த்தாள். அதில் அவர் பேர் இருந்தது.

"வேணாங்க," என்றாள்.

"எதுக்கு வேணாங்கற? யாருக்குத் தெரியப்போவுது?"

"போன தடவையும் நாந்தாங்க ஊத்திக் குடுத்தேன்."

அவர் புரியாமல் நின்றார்.

"நீங்க தண்ணி பாய்ச்சப் போயிட்டீங்க. அந்தப் புள்ள மூணாந்தடவையா வந்து நின்னுச்சு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. எல்லாம் ஒண்ணுதானேன்னு... அது என்னுதுங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்லங்க. எப்பவும் இல்ல."

சுவாமிநாதனின் முகம் மலர்ந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. உயிருக்குப் பயந்த எந்த மனிதனின் முகமும் அப்படித்தான் மலரும். மூன்று மாதத்துக்கப்புறம் அவர் தோள் நிமிர்ந்ததை ராஜம் கண்ணால் பார்த்தாள். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

"எனக்கு இல்லியா?" என்றார். மறுபடி, "எனக்கு இல்லியா?" என்றார். இரண்டாம் தரம் சொல்லி முடிப்பதற்குள் மீதியும் உறைத்துவிட்டது. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி, கறுத்துப்போன கைகளுக்கு வந்து, வீங்கிய பாதத்தில் நின்றது.

"அடிப்பாவி," என்றார். "மூணு மாசம் வெயில்ல நீ போனியேடி. நான் மரத்தடியில ஒக்காந்துருந்தேனே."

ராஜம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அய்யா, ஆச்சுங்களா?" என்று வாசலில் தேவிகா கூப்பிட்டாள்.

சுவாமிநாதன் ராஜத்தின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போனார். வெளியே வந்து, நிரம்பிய டப்பாவோடு நேராக வாசலுக்கு நடந்தார். ராஜம் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவர் பேசுவது கேட்டது.

"பாப்பா, இது என்னோடது. போன தடவ நீ கொண்டுபோனது என்னோடது இல்ல."

"என்னய்யா சொல்றீங்க?" தேவிகாவின் குரல் அப்படியே விழுந்துவிட்டது. "நான் டிக் அடிச்சுக் குடுத்துட்டேனே. ரிப்போர்ட்டெல்லாம் போயிருச்சே."

"ஒன் டாக்டரம்மாட்ட நானே வந்து சொல்றேன். ஒன்மேல தப்பில்ல. இன்னொரு டப்பா வச்சிருக்கியா?"

"இருக்கு. ஆனா அம்மா பட்டியல்ல இல்லியே அய்யா."

"பட்டியல் கெடக்குது. பேர எழுதும்மா மொதல்ல."

ஐஸ் பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு தேவிகா மெல்லக் கேட்டாள்.

"அம்மா முழுப் பேரு என்னங்க?"

"ராஜம்," என்றார் சுவாமிநாதன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சத்தமாகச் சொன்னார். "ராஜம் சுவாமிநாதன். வயசு ஐம்பத்தொண்ணு. விவசாயின்னு போடு."

கொல்லையில் நின்றவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. மூன்று மாதமாக ஒளிந்திருந்த சந்து அடைபட்டுவிட்டது. அவள் வாழையடியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்து வந்தவளுக்கு, தன் உயிரை நினைத்து வந்த பயத்தை ஒளித்துவைக்க இனி இடமில்லை. சுவாமிநாதன் காலி டப்பாவோடு வந்து பக்கத்தில் தரையிலேயே உட்காரும் வரைக்கும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.