பானுவின் வாக்குமூலம்

என் மகள் பானு அயர்லாந்தில் பிறந்து, நான்காம் வகுப்பு வரை அங்கேயே படித்தவள். அவள் படித்த பள்ளியில் வாத்தியார்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வேலை போனதும், மனைவி ராதிகாவை அங்கே முதியோர் இல்ல வேலையில் விட்டுவிட்டு, மகளோடு கொல்லிமலைக்கே திரும்பினேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரே வாத்தியார், தனசேகரன் சார். காரவள்ளியிலிருந்து தினமும் வண்டியில் மலையேறி வருகிறவர். முன்பு வந்தவர்களெல்லாம் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள், இவர் ஓடவில்லை. பானுவைச் சேர்த்த அன்று, "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்செடுங்க சார்" என்றேன். இங்கே எல்லா அப்பனும் சொல்வதுதான். பானு திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். சும்மா பேச்சுக்கு என்று சிரித்துச் சமாளித்தேன்.

மூன்றாவது வாரம் அவள் வகுப்பில் எழுந்து, "தனசேகரன், எனக்குப் புரியல" என்றிருக்கிறாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்திருக்கிறார்கள். சார் உள்ளங்கையில் பிரம்பால் நாலு போட்டுவிட்டார். பாடப்புத்தகத்தில் குழந்தைகளுக்கான உதவி எண் அச்சடித்திருக்கும். அதைப் பார்க்காத பிள்ளை மலையில் இல்லை. என் போனை எடுத்து அந்த எண்ணுக்குப் பேசிய பிள்ளை என் மகள் ஒருத்திதான்.

நாலே நாளில் சாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பள்ளி பூட்டிக் கிடந்தது. விசாரணைக்கு முந்தின நாள் கண்ணாயி அக்கா வந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள்.

"தம்பி, உங்க பாப்பாவுக்கு நாலு அடிதானுங்க. எங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே போச்சுங்களே. இனி மொளகு பறிக்கத்தான் வுடோணும்."

அழுதுகூடப் பேசவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அவர் போனதும் பானுவை உட்காரவைத்தேன். "சார் அடிக்கல, கோவத்துல பொய் சொல்லிட்டேன்னு நாளைக்குச் சொல்லிரு சாமி."

"அதுதானப்பா பொய்."

"ஒரே ஒரு தடவ, கண்ணு."

"உண்மையச் சொன்னா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். அயர்லாந்தில் சொன்னேன். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட அவள்மேல் கை வைக்காதவன், அன்று கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரி அம்மாவிடம், சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அந்த அம்மா நிமிர்ந்தும் பார்க்காமல் எழுதிக்கொண்டு, "இனிமே இப்படிப் பொய் சொல்லக்கூடாது" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கே மூச்சு வந்தது. எனக்கு என் மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ராதிகா வீடியோவில் வந்தாள். "கன்னம் ஏன்டி கன்னிப்போயிருக்கு?"

இப்போதாவது சொல்லிவிடட்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ஆத்துல வழுக்கி விழுந்துட்டேம்மா" என்று சிரித்தாள் பானு. "அப்பாதான் ஓடிவந்து தூக்குனாரு."