பாதி இறங்கிய படம்

…இன்னும் வானம்தான் வந்திருக்கிறது, அதுவும் பாதி வானம். தலவாக்கலைக் கடைத்தெருவில் கணேசமூர்த்தி அண்ணனின் டெலிபோன் கொமினிகேஷனில் இன்டர்நெட் என்றால் இந்த லட்சணம்தான், படம் மேலிருந்து ஒரு விரற்கடை இறங்கும், நிற்கும், யோசிக்கும், மறுபடி ஒரு விரற்கடை. சுதர்ஷினி மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை. ஈமெயிலைப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை, கொழும்புக்காரர்கள் வாயைத் திறப்பதாக இல்லை. பேராதனையில் பட்டம் வாங்கியதிலிருந்து காப்புறுதிக் கம்பனி, பத்திரிகை, ஏற்றுமதிக் கம்பனி என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை விண்ணப்பம் அனுப்பியிருப்பாள், அனுபவம் உண்டா, அனுபவம் உண்டா என்று எல்லாரும் ஒரே பாட்டு, யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், இதை யாரிடம் போய்ச் சொல்வது… அந்தக் கடுப்பில்தான் இன்றைக்குக் கொழும்பு என்று போடாமல், தேடும் இடத்தில் தன் தோட்டத்தின் பெயரைப் போட்டாள். பக்கத்தில் வேலை என்றும் போட்டாள். சும்மா, விளையாட்டுக்கு. இன்டர்நெட்டும் பதிலுக்கு விளையாடிவிட்டது. பெரிய துரை பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக்குகிறார்களாம், வரவேற்பாளர் தேவை, ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிப் பெண், அனுபவம் வேண்டியதில்லை, அருகில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை, அதற்குக் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கும் இந்தப் படம். அருகில்! அவளைவிட அருகில் யார் இருக்கிறார்கள், தொழிலாளர் லயத்துக் கதவைத் திறந்தால் எதிரே அந்தக் கூரைதானே.

மலையின் விளிம்பு இறங்கிவிட்டது, பங்களாக் கூரையும் வந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது இதுவா? வேண்டியது கொழும்பு, வெள்ளவத்தை. கூடப் படித்த யாழ்ப்பாணத்து ரோகினி அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், கெதியா வா, என்ர அறையில ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கு என்று எழுதியிருந்தாள், அந்தக் கட்டிலில் சுதர்ஷினி மனத்தால் எத்தனையோ முறை படுத்து எழுந்துவிட்டாள். எழுந்து, முகம் கழுவி, சப்பாத்துப் போட்டு, கடல் காற்றில் பஸ்ஸுக்கு நின்று… எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்காத ஓர் ஊர், அதற்காக நெஞ்சு எப்படி ஏங்குகிறது. அம்மா ஆசைப்படுவதும் அதற்குத்தானே. மகள் விடிகாலைப் பெரட்டுக் களத்தில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்து நிற்கக் கூடாது என்றுதான் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிக்கிறாள். விடுமுறை முடிந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும், திரும்பிப் பாக்காம போ புள்ள, இந்த மலையில உனக்கு ஒன்னுமில்ல, என்பாள். அந்தப் பங்களாவுக்கு அம்மா போனதெல்லாம் பின்வாசல் குசினிப் பக்கமாகத்தான். இவள் முன்வாசலில் சேலை கட்டி நின்று விருந்தாளிகளைக் கும்பிட வேண்டும், அவர்கள் ஜன்னல் வழியாகக் கேட்பார்கள், அங்கே என்ன செய்கிறார்கள் என்று, இவள் கையை நீட்டிச் சொல்ல வேண்டும், கொழுந்து பறிக்கிறார்கள், அதில் ஒருத்தி… சொல்வாளா? வாய் வருமா?

எதிர்ச் சரிவின் ரோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி, காலை பஸ். அதன் கீழே தேயிலை. அப்புறம் தலைகள், கூடைக் கயிறு அழுத்திய தலைகள், வரிசையாக, நடுவில் பச்சைச் சேலைத் துண்டு கட்டிய தலை… ஐயோ, அது அம்மாவின் துண்டு. ஒரு வெள்ளக்காரன் படம் புடிச்சான் புள்ள, கடைசிச் சோதனைக்கு நீ போன அன்னைக்கு, சிரிக்கச் சொன்னான், நான் நல்லா சிரிச்சேன், படத்தக் கொண்டாந்து தாரேன்னான், என்றாள் அம்மா அப்போது. அதற்குப் பிறகு எத்தனை மாதம் தபால்காரரைக் கேட்டிருப்பாள், எம்படம் வந்துச்சாங்கய்யா என்று, லயமே கேலி செய்தது, பேச்சியம்மாவுக்குச் சீமையிலிருந்து கடுதாசி வருதாம் என்று. இங்கேயல்லவா வந்து கிடக்கிறது.

"தங்கச்சி, இந்த அய்யா மட்டக்களப்புக்குப் பேசணுங்கறாரு, இருக்கறது ஒரே லைனு, இன்டர்நெட்ட வெட்டவா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே, மொகம் வந்துகிட்டிருக்கு."

நெற்றி வந்தது. கண் வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள், அம்மா மட்டும் சிரிக்கவில்லை, நல்லா சிரிச்சேன் என்றவள் சிரிக்கவேயில்லை, தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக எதையோ பார்க்கிறாள், என்னத்தைப் பார்க்கிறாள், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ரோடு, ரோட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி… கையில் பறித்த கொழுந்து அப்படியே இருக்கிறது, கூடையில் போட மறந்த கை. திரும்பிப் பார்க்காமல் போ என்று சொன்னது இந்த வாயா? அதைக் கேட்டு எத்தனை நிம்மதியாகப் போயிருக்கிறாள் இவள்.

"வெட்டிட்டேன் தங்கச்சி," என்றார் கணேசமூர்த்தி.

படம் அம்மாவின் இடுப்போடு நின்றுவிட்டது. கொழும்பா, பங்களாவா, அடுத்த முறை லைன் கிடைக்கும்போது எதற்கு அனுப்புவது, அம்மாவிடம் கேட்டால் போ என்றுதான் சொல்வாள், அவளிடம் கேட்டுப் பயனில்லை. சுதர்ஷினி திரைக்கு அருகில் குனிந்து அந்தப் புள்ளியையே பார்த்தாள். கடைசிச் சோதனைக்குப் போன அன்றைக்கு, அந்தப் பஸ்ஸில் அவளுக்குக் கிடைத்தது மலைப்பக்கத்து ஜன்னலோரம்தான். அம்மா சொன்னபடி அவள் திரும்பிப் பார்க்கவில்லை.