பூஜ்யம் காட்டிய பெட்டி

பெட்டி என்னவோ உள்ளங்கை அகலம்தான். அது இன்றைக்கு அக்காவின் வேலையைத் தின்றுவிடும் போலிருந்தது.

அதை அக்காவின் அலுவலகக் கூடத்துச் சுவரில் மாட்டியவள் அவள் தங்கை, சின்னவள். வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள். பொதுக் கட்டடங்களின் உள்காற்றை அளக்கும் பிரிவில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. நூலகம், பள்ளி, பதிவு அலுவலகம் என்று விலை மலிவான கருவிகளை ஊரெங்கும் மாட்டி வந்தாள். ஆட்கள் மூச்சு விட விட அறையில் கரியமில வாயு ஏறும், பெட்டியில் எண்ணும் ஏறும். திறந்தவெளியில் நானூறு சொச்சம். ஆயிரத்தைத் தாண்டினால் தலை கனக்கும், கண் சொருகும்.

அக்கா வேலை செய்யும் அவசர உதவி அழைப்புக்கூடத்தில் பெட்டி அறுநூற்றைம்பதைக் காட்டியது. ‘காற்று நன்று’ என்று கையெழுத்துப் போட்டவளும் சின்னவள்தான். அந்தக் கையெழுத்தைத்தான் கூடத்துக் கண்காணிப்பாளர் இப்போது அக்காவின் கழுத்துக்குக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தார். தெருச் சத்தம் தொலைபேசியில் கேட்கிறதென்று ஜன்னல் அத்தனையையும் மூட வைத்த மனிதர். கூடத்துப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் தாழ்ப்பாள். போன வாரம் ஓர் அழைப்பு அடித்துக்கொண்டே இருக்க, அக்கா மேசைமேல் தலை சாய்ந்து கிடந்தாள். அழைத்தவர் பிழைத்துக்கொண்டார். அக்கா பிழைப்பாளா என்பது இன்றைய விசாரணையில் தெரியும்.

நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அக்கா வெடித்தாள்.

“தலை வலிக்குதுன்னு எத்தனை தடவ சொன்னோம்? தாழ்ப்பாள் என்ன சொல்றான் தெரியுமா? ‘உன் தங்கச்சி மிஷினே காத்து நல்லாருக்குன்னு சொல்லுதேம்மா’ங்கறான்.”

“நான் என்னக்கா பண்றது? மிஷின் காட்டுறதத்தானே எழுத முடியும்?”

“ஆமாடி. அக்கா மூச்சு பொய், மிஷின் சொல்றது வேதம். நல்லா படிச்ச, போ.”

காலையில், பெட்டியைக் கழற்றிக்கொண்டு விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. சின்னவள் அதை ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் விசாரணை நடக்கும் கட்டடத்துக்கும் நடுவிலிருந்த முற்றத்தில் இறங்கினாள். வெயிலில் எண் சரியத் தொடங்கியது. ஐந்நூறு. முந்நூறு. நூறு. பூஜ்யம்.

தட்டிப் பார்த்தாள். பூஜ்யம்தான்.

அப்புறம்தான் புரிந்தது. மலிவான கருவிக்கு ஒரு பழக்கம் உண்டு. சில நாளுக்கொரு முறை, தான் கண்டதிலேயே குறைந்த அளவை வெளிக்காற்று என்று வைத்துக்கொண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். நூலகம் இரவில் காலியாகும், காற்று தெளியும், கணக்குச் சரியாக வரும். அழைப்புக்கூடம் காலியானதே கிடையாது. ஒரு ஷிப்டின் மூச்சு அடங்குமுன் அடுத்த ஷிப்ட் வந்து உட்காரும். சாக்கடையோரம் குடியிருப்பவனுக்கு நாற்றம் பழகிவிடுவதுபோல் பெட்டிக்கும் பழகிவிட்டது. அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு மாட்டியிருக்க வேண்டும். எல்லாக் கட்டடமும் ஒன்றுதான் என்று நினைத்து மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நானூறு காட்ட வேண்டிய வெளிக்காற்றுக்குப் பூஜ்யம் என்றால், கூடத்தின் நிஜ அளவு ஆயிரத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது.

பெட்டியை அணைத்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. வேலை நிரந்தரமாகும். கட்டைவிரல் பொத்தான்மேல் போய் நின்றது.

விசாரணை அறையில் அதிகாரி அம்மாள் நடுவில் இருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல ஆளில்லை.

“பாருங்க மேடம், கூடப்பிறந்தவளே வச்ச மிஷின். அவளே காத்து நல்லாருக்குன்னு எழுதியிருக்கா. அப்புறம் என்ன மயக்கம்? வீட்லயே தூங்கிட்டு வரணும்” என்றார் தாழ்ப்பாள்.

சின்னவள் நேரே ஜன்னலுக்குப் போனாள்.

“ஏய், ஜன்னலத் திறக்காத!” வேறு கட்டடம் என்பதுகூட அவருக்கு மறந்துவிட்டது.

திறந்தாள். பெட்டியை வெளியே நீட்டிப் பிடித்தாள். கை கடுத்தது. எண் சரிந்து நின்றது.

“நம்பரப் படிங்க சார்.”

“பூஜ்யம். அவ்வளவு சுத்தம்னு அர்த்தம்!”

“பூமியில எங்கயும் அப்படி ஒரு காத்து கிடையாது சார். இந்தப் பெட்டி உங்க கூடத்துக் காத்த நல்ல காத்துன்னு நினைச்சுப் பழகிடுச்சு. அங்க காட்டின நம்பர் அத்தனையும் பொய். நிஜம் அதவிட எவ்வளவோ மேல.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப தப்பு யாரோடது?”

“மூடி வச்சது அவர். யோசிக்காம மாட்டினது நான். எங்கக்கா சொன்னதுதான் சரி.”

“உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரியும் மேடம்.”

அக்கா அவளை முறைத்தாள். வாயை மூடு என்று அர்த்தம். சின்னவள் மூடவில்லை. “எழுதிக்கங்க” என்றாள்.

சரியான கருவியில் மறுபடி அளக்கும்வரை அக்காமேல் நடவடிக்கை இல்லை. ஜன்னல்களை இன்றே திறக்க வேண்டும். சின்னவளின் தவறு அவள் பிரிவுக்குத் தெரிவிக்கப்படும். மூன்றையும் அதிகாரி ஒரே குரலில் சொன்னார்.

கூடத்தில் முதல் ஜன்னலின் தாழ்ப்பாளில் பெயின்ட் அப்பி இறுகிக் கிடந்தது. அக்கா செருப்பைக் கழற்றி அதன் தலையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மேசைகளிலிருந்து யாரோ சிரித்தார்கள். கண்காணிப்பாளர் வேறு பக்கம் பார்த்தார்.

“உன் வேலை போச்சுன்னா அம்மாகிட்ட நீதான் சொல்லணும்” என்றாள் அக்கா, அடிப்பதை நிறுத்தாமல்.

“சொல்றேன்.”

“நீ சொல்லிக் கிழிச்ச. நானும் வரேன்.”

தாழ் தெறித்தது. பஸ் ஹாரனும் வெயிலும் புழுதியும் ஒன்றாக உள்ளே வந்தன. மேசையில் மணி அடித்தது. அக்கா ஒரு காலில் செருப்போடு ஓடிப்போய் எடுத்தாள்.

“சொல்லுங்க. எங்க இருக்கீங்க? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க ஜன்னல் திறந்திருக்கு.”