பிரேக் சொல்ல ஒரு டேப்லெட்

குடை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர், டேப்லெட் என்றால் சும்மா விடுவாரா? ஒரு வாரமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. சாப்பிடும்போதும் போனில் வீடியோ, பல் தேய்க்கும்போதும் போனில் வீடியோ. அவருக்கு வீட்டுக்குள் ஆராய்ச்சி என்றே பெயர். வைத்தது அவருடைய தங்கை. பொருத்தமான பெயர் என்பதால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"விலை குறைஞ்சதுல இதுதான் தேவலைன்னு ஒருத்தன் சொல்றான். இன்னொருத்தன் இதைக் கையால தொடாதேங்கிறான். மூணாவது ஒருத்தன், படம் பார்க்கலாம், மத்ததெல்லாம் உங்க தலையெழுத்துங்கிறான்," என்றார் ஆராய்ச்சி.

அவருடைய மனைவி மடியில் கிடந்த சின்ன வெள்ளைப் பலகையை எடுத்து எழுதி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'நான் படம் பார்க்கவா கேட்டேன்?'

அவளை ஊரில் மாஸ்டரம்மா என்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரே ஒரு கார், கூரைமேல் ஒரு போர்டு, பக்கத்து சீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குரல். அவள் காருக்குள் கத்தினால் எதிர்வரிசைக் கடைக்காரர்களும் ஒரு நொடி நின்றுவிடுவார்கள். திட்டு வாங்கி அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள்கூட மறுநாள் வந்து உட்காருவார்கள். அவளிடம் கற்றவர்கள் யாரும் வண்டியை எங்கும் கொண்டுபோய் மோதியதில்லை என்று பெயர்.

தொண்டை கட்டியபோது, கத்திக் கத்தித்தான் இப்படி என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். கடைசியில் அது தொண்டைப் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இப்போது மூச்சு. உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். அதை அவள் மனதார ஒப்புக்கொண்டாள். காலையில் கண் விழித்ததும், அப்பாடா, இருக்கிறேன் என்று தோன்றாத நாளில்லை. ஆனால் கார் தூசி படிந்து நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அப்பாடா பாதியாகிவிடும்.

இதில் ஒரு வாக்கு வேறு இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண், கழுத்துக் குழாயை ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் சுத்தம் செய்தவள். "நீங்க எழுந்து வாங்க மாஸ்டரம்மா. எனக்கு நீங்கதான் வண்டி கத்துத் தரணும்," என்று தினமும் சொல்வாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற நல்ல வேலை ஒன்று அவளுக்குக் காத்திருந்தது. கார் ஓட்டத் தெரிந்தால்தான் அது கிடைக்கும். மாஸ்டரம்மா சரி என்று தலையாட்டியிருந்தாள். வேறு டிரைவிங் பள்ளியில் போய்ச் சேரச் சொல்லி எழுதிக் காட்டியும் அந்தப் பெண் கேட்கவில்லை.

ஓட்டக் கற்பவள் ரோட்டைப் பார்ப்பாளா, பலகையைப் பார்ப்பாளா? கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிறவர் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சமயத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்ப அவளுக்கு அந்தக் கை வேண்டும். போனில் எழுதினால் போன் பேசும்தான். ஆனால் ஓடுகிற காரில் அந்தச் சின்ன எழுத்துகள் விரலுக்குச் சிக்குவதில்லை. பெரிய திரை இருந்தால் டேஷ்போர்டில் மாட்டித் தட்டலாம். நல்ல டேப்லெட்டின் விலையைக் கேட்டால் ஆஸ்பத்திரி பில் மறுபடி வந்ததுபோல் இருந்தது. மிச்சமிருந்தது அந்த மலிவு டேப்லெட் ஒன்றுதான்.

கடையில் விற்பனைப் பையன் பல்லெல்லாம் தெரிய வந்தான். "எதுக்கு சார் வேணும்? படம் பார்க்கவா, பிள்ளைங்க படிக்கவா?"

"என் சம்சாரம் என்னைத் திட்ட," என்றார் ஆராய்ச்சி.

பையன் சிரிக்கலாமா கூடாதா என்று முழித்தான். மாஸ்டரம்மா அதற்குள் டேப்லெட்டை வாங்கி எழுதித் தட்டினாள். அது யோசித்தது. ஒரு சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு செய்தி வாசிக்கிற பெண்மணியின் குரலில், மிகுந்த மரியாதையோடு, "இந்த ஆளை நம்பாதே தம்பி," என்றது. கடையே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாக வாங்கியும் விட்டார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம், பெட்டி மட்டும் கசங்காமல் இருக்க வேண்டும் என்றான் பையன். ஆராய்ச்சி அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஊருக்கு வெளியே இருந்த காலி மைதானத்தில் சோதனை. ஆராய்ச்சிக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். "நான் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடிக்கிறேன். டேப்லெட் சொல்றதை மட்டும்தான் செய்வேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

'இடது பக்கம் திருப்பு' என்று எழுதித் தட்டினாள். வட்டம் சுற்றியது. திருப்பம் வந்தது, போயும் போனது. அதற்குப் பிறகு செய்திப் பெண்மணி, "இடது பக்கம் திருப்பு," என்றாள். சொன்ன சொல் தவறாத ஆராய்ச்சி அங்கேயே இடது பக்கம் திருப்ப, எதிரே பழைய டயர்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. மாஸ்டரம்மா பிரேக் என்று தட்டினாள். வட்டம். நாலு டயர் உருண்டு ஓடியது. தன் பக்கத்துப் பிரேக்கை அவள் ஓங்கி மிதிக்க, கார் குலுங்கி நின்றது. நின்று, இன்ஜினும் அடங்கி, எல்லாம் அமைதியான பிறகு, "பிரேக்," என்றாள் செய்திப் பெண்மணி, அவசரமே இல்லாமல்.

ஆராய்ச்சி வாய்விட்டுச் சிரித்தார். திரும்பிப் பார்த்தவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். மாஸ்டரம்மா அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. பலகையை எடுத்து எழுதினாள். 'திருப்பிக் கொடுத்துடுங்க. அந்தப் பொண்ணை வேற இடம் பார்க்கச் சொல்லிடலாம்.'

"இரும்மா. இன்னும் நாள் இருக்கு," என்றார் அவர்.

ஆராய்ச்சி என்று சும்மாவா பெயர்? அன்று மாலைக்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எழுதினால்தான் அந்த டேப்லெட் யோசிக்கும். முன்கூட்டியே யாராவது பேசிப் பதிவு செய்து பெரிய பெரிய பட்டன்களாக வைத்துவிட்டால், தட்டின நொடியே ஒலிக்கும். வட்டமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. உடனே தன் குரலிலேயே பதிவு செய்து தட்டிக் காட்டினார். "பிரேக்... போடும்மா... கொஞ்சம்." பாவம், சாதுவான மனிதர். அதைக் கேட்டு ஒரு சைக்கிள்கூட நிற்காது.

மாஸ்டரம்மாவின் பழைய குரலாவது எங்கேயாவது இருக்குமா என்று தேடினார்கள். போனில் பேசுவதோடு சரி. பேசிப் பதிவு செய்து அனுப்புகிற பழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. கல்யாண வீடியோவில் அவள் வாய் அசைந்தது, பாட்டுச் சத்தம்தான் கேட்டது.

"ஒரு இடத்துல இருக்கு," என்றார் ஆராய்ச்சி மெதுவாக. "என் தங்கச்சிகிட்ட."

மாஸ்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாத்தனாரும் ஒரு காலத்தில் அவளிடம்தான் கார் ஓட்டக் கற்றாள். கற்றது வண்டியை மட்டுமல்ல, அண்ணியின் திட்டையும்தான். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், "அண்ணி மாதிரி பேசிக் காட்டு" என்பார்கள். அவளும் எழுந்து பேசிக் காட்டுவாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். மாஸ்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு விருந்தில், புதுச் சம்பந்திகள் முன்னால் அதைச் செய்தபோது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாத்தனார் தினமும் வந்தாள். துவைத்த துணிகளை வைத்துவிட்டு, மூலையில் இருந்த நாற்காலியில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு யாரோ விவரம் கெட்டவர், "அண்ணி மாதிரி செஞ்சு காட்டேன்" என்று கேட்டதற்கு, அவரை அடிக்காத குறையாகத் திட்டிவிட்டாளாம். அதை ஆராய்ச்சி எப்போதோ சொன்னார். மாஸ்டரம்மா காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டாள்.

இப்போது அவள் பலகையைக் கையில் எடுத்தாள். நர்ஸ் பெண்ணின் முகம் கண்முன் வந்து வந்து போயிற்று. கடைசியில், 'வரச் சொல்லுங்க' என்று எழுதினாள்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. "முடியாதுண்ணே. செத்தாலும் செய்ய மாட்டேன். அண்ணிக்கு இப்படி ஆனப்புறம் அதை வாயில எடுத்தா நான் மனுஷியே இல்லை."

மாஸ்டரம்மா ஒரே வார்த்தை எழுதி அவள் மடியில் வைத்தாள். 'செய்.'

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, ஒரு கையை இல்லாத ஹேண்ட் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டாள். கை அங்கே போகாமல் அவளுக்கு அந்தக் குரல் வராது. கண்ணை மூடி மூச்சை இழுத்து, 'ச்சு' கொட்டினாள்.

"பிரேக்! பிரேக்! அது என்ன காலா, விருந்தாளியா? நோகாம உக்காந்திருக்கு!"

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. ஆராய்ச்சி சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாஸ்டரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் குரல்தான். கடைசியில் கொஞ்சம் கரகரத்து ஏறுமே, அதுகூட. திட்டுவதற்கு முன்னால் அவள் 'ச்சு' கொட்டுவாள் என்று அவளுக்கே இன்றுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் கேலி என்று எண்ணிப் பொருமினாளே, இவ்வளவு நுணுக்கமாக ஒருத்தி தன்னைக் கேட்டிருக்கிறாள் என்று ஒருநாளும் தோன்றவில்லையே! எழுந்து போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். ஆராய்ச்சி மட்டும், "அழுகை சத்தம் பதிவாயிடப் போகுது," என்று டேப்லெட்டைத் தள்ளி வைத்தார்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. "கிளட்சை மெதுவா விடு, வீட்டுக்காரர் மேல இருக்கிற கோபத்தை அது மேல காட்டாதே!" "கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை வாரவா?" "இடது பக்கம்! சாப்பிடாத கை, அந்தப் பக்கம்!" மாஸ்டரம்மா, 'இன்னும் சத்தமா' என்று எழுதிக் காட்ட, நாத்தனார் இன்னும் சத்தமாகக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "மாஸ்டரம்மாவுக்குக் குரல் வந்துடுச்சா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஆராய்ச்சி கடைப்பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அந்த டேப்லெட் தேறுமா தேறாதா என்ற ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

வார இறுதியில் நர்ஸ் பெண் வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். பட்டன் எதுவும் விட்டுப்போயிருந்தால் அங்கேயே பேசிச் சேர்க்க நாத்தனார் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் கிளம்பியது. மாஸ்டரம்மாவின் விரல் பட்டன்களைத் தட்டத் தட்ட, அவள் குரல் காருக்குள் கணீரென்று ஒலித்தது. தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. "பிரேக்! பிரேக்! அது என்ன காலா, விருந்தாளியா?" நர்ஸின் கால் தானாக அழுத்தியது. கார் நின்றது, நாய் நிதானமாகக் கடந்து போயிற்று. தன் பக்கத்துப் பிரேக்குக்கு மாஸ்டரம்மாவின் கால் போகவே இல்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, நர்ஸ் பெண் காரை வீட்டு வாசலில் ஒழுங்காகக் கொண்டுவந்து நிறுத்தினாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்படி மாஸ்டரம்மா ஓட்டினேன்?" என்று கேட்டாள்.

மாஸ்டரம்மா திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை திட்டுதான். நன்றாக ஓட்டினாய் என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. பலகையில் எழுதிப் பின்னால் நீட்டினாள். 'நல்லா ஓட்டினேம்மான்னு சொல்லு.'

நாத்தனார் கையை ஹேண்ட் பிரேக் இடத்துக்குக் கொண்டுபோனாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். "வரலையே அண்ணி," என்றாள், சங்கடமாகச் சிரித்துக்கொண்டு. "நீங்க எங்கிட்ட அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லையே. எந்த ராகத்துல சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாது."

குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். மாஸ்டரம்மா டேப்லெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். நர்ஸ் பெண் இன்ஜினை அணைத்தாள். நாத்தனார் முன் சீட்டின் முதுகைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தாள். வட்டம் சுற்றியது.

"நன்றாக ஓட்டினாய் மகளே," என்றாள் செய்திப் பெண்மணி. "பின் சீட்டில் இருப்பவளே, நீயும் அன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டினாய். என் குரல் போய்விட்டது என்று இருந்தேன். நீ பத்திரமாக வைத்திருந்தாய். உனக்கு ரொம்ப நன்றி."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணி, இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றாள்.

மாஸ்டரம்மா மறுபடி தட்டினாள். டேப்லெட் யோசிக்க ஆரம்பித்தது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.