நாயின் மூக்கில் காணாமற்போன சிவப்பு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாயின் மூக்குத் திசுவில் மற்ற இடமெல்லாம் சாயம் ஏறி வழக்கம்போலச் செக்கச்செவேலென்று இருக்க, அவளுடைய இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. மோப்பம் பிடிக்கும் பகுதிக்கு அடியில் ஒரு வரிசைச் செல்கள். அங்கே கிளைக்கோபுரதம், அதாவது சர்க்கரை ஒட்டிய புரதம், உண்டென்று அதுவரை யாரும் சொன்னதில்லை, அவள்தான் சொல்லியிருந்தாள். ஆய்வேடு அட்டை போட்டு, மேசைமேல் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நாளைக்கு வாய்மொழித் தேர்வு.

இந்தச் சாயத்துக்கு விவஸ்தையே கிடையாது. புரதத்தோடு ஒட்டிய சர்க்கரையா, செல் சேர்த்துவைத்த வெறும் கிளைக்கோஜனா என்று பார்க்காமல் எதைக் கண்டாலும் சிவந்துவிடும். அதைப் பிரித்தறிய அந்த ஆய்வகத்தில் செலவில்லாத வழி ஒன்று இருந்தது. சாயம் போடுமுன் ஒரு ஸ்லைடில் எச்சிலைத் தடவி வைப்பார்கள். எச்சில் கிளைக்கோஜனைத் தின்றுவிடும். அதற்குப் பிறகும் சிவப்பதுதான் கிளைக்கோபுரதம். எச்சில் பட்ட ஸ்லைடுகளிலும் அவளுடைய இடம் இத்தனை நாளும் சிவந்துதான் வந்தது. அவற்றைச் செய்துகொடுத்தவர், எல்லோரும் சாயக்கா என்று கூப்பிடும் உதவியாளர். இன்று அவர் விடுப்பு. தேர்வில் காட்டப் புதிதாக ஒன்று இருக்கட்டுமே என்று முதல் தடவையாக அவளே துப்பி, அவளே சாயம் போட்டிருந்தாள். எச்சில் தடவாத ஸ்லைடையும் வைத்துப் பார்த்தாள். அதில் சிவப்பு இருந்தது. அப்படியானால் அது வெறும் கிளைக்கோஜன்தானா என்று எச்சில் ஸ்லைடையே மறுபடி வைத்தாள், வெளுப்புதான்.

சாயக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, எச்சில் ஸ்லைடுக்கு நீங்க என்ன தடவுவீங்க?"



"தண்ணிதான் கண்ணு. பாவம், செத்தும் மூக்கைக் குடுத்திருக்கு. அது மேல போய்த் துப்ப எனக்கு மனசு வரல. ஏன், கலர் சரியா வரலையா?"

"வந்துச்சுக்கா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. நீங்கள் துப்பினீர்களா என்று ஒரு மனுஷியிடம் கேட்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இந்த ஒரு ஸ்லைடை எடுத்து உடைத்துப் போட்டால் ஊருக்கும் தெரியாது, உலகத்துக்கும் தெரியாது. கை அதுவரைக்கும் போனது. அப்போது கதவு திறந்து பேராசிரியர் வந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

"நாளைக்குக் காட்டப்போறதாம்மா?"

அவள் கையை இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். அவர் குனிந்தார்.

"பிரமாதமா வந்திருக்கு. உன்னோட இடம் எங்கம்மா?"

"நடுவுலதான் சார் இருக்கு."

அவர் கண்ணை எடுக்காமல் நுண்ணோக்கியின் திருகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார்.