இரண்டு போன்களும் ஒரு பித்தளைச் செம்பும்

செக்காலை ரோட்டில் இருக்கும் அந்தப் போன் கடையைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். துர்காதேவி ஒன்பதரைக்கே வந்து ஷட்டருக்கு எதிரே நின்றுகொண்டாள். கையில் ஒரு மஞ்சப்பை, பைக்குள் பித்தளைச் செம்பு. துணைக்கு வந்த அண்ணன் அழகுராஜாவுக்கு அந்தப் பையைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

“போன் வாங்கப் போறவ செம்பத் தூக்கிட்டு வந்திருக்கியே. உள்ள போயித் தண்ணி மோந்து குடிக்கப் போறியா?”

“வேலை இருக்குண்ணே.”

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அங்கே படித்த நாளிலும் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் இன்றைக்குப் பேசித்தான் ஆகவேண்டும் என்று வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் வேலை அப்படிப்பட்டது. ஊர் முறைக்குச் சித்தப்பாவான வீரபாண்டியன் பழைய பாத்திரங்களை வாங்கி விற்கிறவர். செட்டியார் வீடுகளில் பங்கு பிரிக்கும்போது பங்காளிகள் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். பூட்டிக் கிடக்கும் அறையைத் திறந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பெண்ணுக்குச் சீர் கொடுத்த காலத்திலேயே பாத்திரத்தின் கழுத்தோரம் புள்ளி புள்ளியாகக் குத்திப் பேர் வெட்டியிருப்பார்கள். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எது யார் தாயார் கொண்டுவந்தது என்று முடிவாகும். மிச்சமாவது வீரபாண்டியன் கடைக்கு வரும். ஒரு வருஷமாக, அண்ணன் போனை இரவல் வாங்கி, துர்காதான் படம் எடுத்து வந்தாள்.

போன மாதம் நாட்டரசன்கோட்டையில் ஒரு வீடு. ஒரு வெண்கலப் பானையின் படத்தில் கழுத்து வழுவழுவென்று இருந்தது. பேர் இல்லாத பானை என்று மூத்த மருமகள் எடுத்துப் போனார். புளி போட்டுத் துலக்கியபோது எழுத்துத் தெரிந்தது. இளைய மருமகளின் தாய்வீட்டுப் பேர். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“ஒனக்குக் கை நடுங்குதுத்தா,” என்றார் வீரபாண்டியன். “ஆளுகளப் பாத்தாலே நடுங்குற பிள்ள. வியாழக்கிழமை அமராவதிபுதூர் வீடு பெரிய வீடு. மதுரையில இருந்து ஒரு போட்டோக்காரரக் கூப்பிட்டுக்கிறேன். நீ கடையில பாத்திரம் துலக்குற வேலையப் பாரு.”

நேரில் பார்த்தபோது அந்தப் பானையில் எழுத்து இருந்தது துர்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. “செவ்வாக்கிழமை வரைக்கும் பொறுங்க சித்தப்பா, நல்ல போன் வாங்கிர்றேன்,” என்று மட்டும் கேட்டாள். இன்று செவ்வாய்க்கிழமை.

கடை திறந்ததும் சத்தியப்பிரியா என்ற விற்பனைப் பெண் இரண்டு போன்களை முன்னால் வைத்தாள். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பச்சை நிறப் போன் அழகுராஜா வைத்திருப்பதற்கு அடுத்த மாடல். இருநூறு மெகாபிக்சல், மெலிசான உடம்பு, கூடவே காதில் மாட்டும் ஹெட்செட் இலவசம். கறுப்புப் போன் கொஞ்சம் தடிமன். ஐம்பது மெகாபிக்சல்தான்.

“இதுல என்னத்த யோசிக்க? இருநூறு எங்க, அம்பது எங்க,” என்றான் அழகுராஜா.

கழுத்தில் பேர் வெட்டிய அந்தச் செம்பைத் துர்கா வெளியே எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். சத்தியப்பிரியா சிரித்துவிட்டாள்.

“செம்புக்கும் போட்டோ புடிக்கவா வந்தீக?”

“ஆமாக்கா,” என்றாள் துர்கா, தலையைத் தூக்காமல்.

கடை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு போனிலும் எழுத்துத் தெரிந்தது. பச்சையில் செம்பு தங்கமாக மின்னியது. “முடிஞ்சிச்சா? பில்லப் போடச் சொல்லவா?” என்று அண்ணன் சட்டைப்பையைத் தொட்டான்.

துர்கா தலையாட்டத்தான் போனாள். அப்போது செட்டியார் வீடுகளின் பூட்டிய உள்ளறைகள் அவள் கண்ணில் வந்தன. அங்கே எங்கே இப்படி வெளிச்சம்? கையகலத்துக்கு ஒரு சன்னல், நாற்பது வருஷ ஒட்டடை. பிளாஷ் போட்டால் பித்தளை வெள்ளையாகப் பளீரென்று அடித்து ஒன்றும் தெரியாது.

“அக்கா, லைட்ட அமத்த முடியுமா?”

“கடையில லைட்ட அமத்துனா மொதலாளி என்னய அமத்திப்புடுவாரு.”

“இருட்டான எடம் வேற இருக்கா?”

“போன் செயின்ல கட்டியிருக்கே தங்கச்சி. அங்குட்டு இங்குட்டு கொண்டுபோக முடியாது.”

மூலையில் சரக்கு வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. துர்கா போய் அதைத் தூக்கி வந்தாள். மேசைமேல் படுக்கவைத்து, செம்பை அதன் அடியாழத்துக்குத் தள்ளினாள். வாய்ப்பக்கம் பாதியை மூடியால் மறைத்தாள். வந்திருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சுட்டது. கையை மட்டும் நிறுத்தவில்லை.

“செம்புக்கு வீடு கட்டுறாக போல,” என்றாள் சத்தியப்பிரியா.

“கூட வந்த பாவத்துக்கு நானும் நிக்கிறேன் பாருங்க,” என்றான் அழகுராஜா.

முதலில் பச்சை. பெட்டிக்குள் இருந்த இருட்டே படத்தில் இல்லை. பகல்போல வெளிச்சம். செம்பின் கழுத்து இப்போதுதான் கடைந்து எடுத்ததுபோல் வழுவழுவென்றிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். அதே வழுவழுப்பு.

“அண்ணே, நீ எடு.”

அழகுராஜா எடுத்தான். போனில் எதையெதையோ அணைத்துவிட்டு இன்னொரு தரமும் எடுத்தான். பேரைக் காணோம்.

துர்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்குக் கை நடுங்காது. இருட்டில் தெரியாததை இந்தப் போன் தானாக மெழுகிப் பூசிவிடுகிறது. புள்ளியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. இதற்கு முந்தைய மாடலான அண்ணன் போனில், நாட்டரசன்கோட்டைப் பானைக்கும் இதுதான் நடந்திருக்கிறது. ஒரு மாதமாகத் தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டிருந்ததை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கறுப்புப் போனை எடுத்தாள். படம் மங்கலாக, ரவை தூவியதுபோல் பொரிபொரியாக வந்தது. ஆனால் கழுத்தோரம் புள்ளிகள் வரிசையாக நின்றன. சி, அ, நா என்ற முதலெழுத்துகள். புள்ளிகளையே எண்ணிவிடலாம்போல இருந்தது.

“அசிங்கமா இருக்கு,” என்றான் அழகுராஜா.

“பேரு தெரியுதுல்ல.”

“ஹெட்செட் கெடையாது. வெயிட்டு வேற. நாளைக்கு நீ ஒரு செல்பி எடுத்தா ஒன் மொகமே இப்பிடித்தான் இருக்கும்.”

“என் மொகம் இப்பிடித்தான இருக்கு,” என்றாள் துர்கா. சத்தியப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவசரப்படாமல் அதே போனில் முப்பது நாற்பது படங்கள் விடாமல் எடுத்தாள். சூடாகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்புத்தான். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: “கறுப்பு குடுங்கக்கா.”

பழைய பட்டன் போனில் இருந்த சிம்மை மாற்றிப் போட்டு, கடை வாசலுக்கு வந்து வீரபாண்டியனைக் கூப்பிட்டாள். இதுவரை அவளாக அவரைக் கூப்பிட்டதில்லை.

“யாரு, துர்காவா? என்னத்தா, ஒடம்புக்கு எதுவுமா?”

“போன் வாங்கிட்டேன் சித்தப்பா. பானைப் படத்துல பேரு அழிஞ்சது என் கையால இல்ல, அண்ணன் போனால. அண்ணன் போன்லயும் இதுலயும் ஒரே செம்ப எடுத்துக் காட்டுறேன்.”

“அது சரி. மதுரைக்காரர்ட்டச் சொல்லிப்புட்டேனேத்தா.”

ஒரு பஸ் இரைந்துகொண்டு கடந்து போனது. துர்கா குரலை உயர்த்தினாள்.

“இருட்டறையில, பிளாஷ் இல்லாம, பேரு தெரிய எடுப்பாரான்னு கேட்டீகளா?”

“கேக்கலயே.”

“நான் எடுப்பேன். இப்ப எடுத்துப் பாத்துட்டுத்தான் பேசுறேன். அவர வர வேணாம்னு சொல்லிருங்க.”

மறுமுனையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வீரபாண்டியன் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

“வியாழக்கிழமை எட்டு மணிக்கு வீட்டத் தொறக்கிறாக. நீ வந்துரு.”

“ஏழரைக்கே தொறக்கச் சொல்லுங்க,” என்றாள் துர்காதேவி. “அந்த வீட்டுல சாமான் நெறையா.”