அரைத்தாடி

வாயிற்காவலருக்கு இடது கன்னம் மழமழவென்று இருக்கும். வலது கன்னத்தில் இரண்டு விரல் கனத்துக்குத் தாடி. அலுவலகமே அவரை அரைத்தாடி என்றுதான் கூப்பிட்டது. சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். ஆனால் வைத்தவனுக்கு அவர் படும் வலியில் அரை நிமிஷம் கிடைத்திருந்தால் சிரிப்பு வந்த வழியே போயிருக்கும்.

முகத்து நரம்பு வலி. வலது காதோரம் தொடங்கிக் கடைவாய் வரை மின்சாரம் அடித்த மாதிரி ஒரு வெட்டு. தண்ணீர் பட்டால் வரும், துண்டு பட்டால் வரும், ஒரு கொட்டாவி விட்டால் போதும். பல்வலி என்று நினைத்து நல்ல கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் நரம்பு என்று கண்டுபிடித்தார்கள், மகராசன்கள். ஐந்து வருஷமாக மாத்திரையும், இடது பக்கமே மெல்லும் சாப்பாடும், மனைவியிடம்கூட எண்ணிப் பேசும் பேச்சும்தான். வலது பக்கம் சவரக்கத்தி போய் ஏழு மாதம் ஆகிறது.

பழைய மேலாளர், "முடிஞ்ச பக்கமாவது எடுத்துட்டு வாங்க" என்று கண்டும் காணாமல் விட்டவர். புதிதாக வந்தவர் அப்படியில்லை. டாக்டர் கொடுத்த கடிதத்தை நின்றபடியே படித்தார்.

"வலி உங்களுக்கு, விதி எல்லாருக்கும். திங்கக்கிழமை முகம் சுத்தமா இருக்கணும். இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

ஐம்பத்தாறு வயதில், வாய் திறக்கவே யோசிக்கிற ஆளை வேறு எவன் வேலைக்கு வைப்பான்? மாத்திரை வருவதே அந்த வேலையின் காப்பீட்டில்தான். வேலை போனால் மாத்திரையும் போகும். அது இல்லாமல் ஒரு நாளைத் தள்ள அவரால் முடியாது.

திங்கட்கிழமை காலை, சலூன் வைத்திருக்கும் மைத்துனன் பையோடு வீட்டுக்கே வந்தான்.

"மூணு மாத்திரை போட்டிருக்காருடா," என்றாள் அவர் மனைவி.

"ரெண்டுதானேக்கா போடணும்?"

"இன்னைக்கு ஒரு நாள்தானே."

தலை கிறுகிறுக்க அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வலிச்சா கையத் தூக்குங்க மாமா, நிறுத்திடறேன்," என்று முதலில் கத்திரி, பிறகு வெந்நீர், பிறகு கத்தி என்று மைத்துனன் மயிரிழை மயிரிழையாக எடுத்தான். இரண்டு முறை வலி வெட்டியது. கையைத் தூக்கவில்லை, மனைவியின் கைக்குள் நகத்தைப் பதித்தார். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மைத்துனன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்றாள் அவள். அவரும் இடது ஓரத்தால் கொஞ்சம் சிரித்தார். பிழைத்தோம் என்று மூவருமே நம்பினார்கள்.

அலுவலக வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. அதன் மேல் ஆறு மாதத்துக்கு முன் மாட்டிய குளிர்காற்று இயந்திரம். காவலர் நிற்கும் இடத்தைத் தரையில் கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் காற்று அவருடைய வலது கன்னத்தில் வந்து விழும். ஆறு மாதமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. அத்தனையையும் தாங்கியது அந்தத் தாடி. இது அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, முகம் முகமாகப் பார்த்துப் பிழைக்கும் மைத்துனனுக்கும் தோன்றவில்லை. அட பாவமே.

முதல் ஆள் உள்ளே போனபோது உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாவது ஆளுக்கு வணக்கம் வைக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. பத்தாவது ஆள் வருவதற்குள் கண்ணீர் தாடை வரை இறங்கி, அந்த ஈரமே இன்னொரு வெட்டைக் கொண்டுவந்தது. செத்தால் தேவலை என்று நினைத்தார். விளையாட்டாக நினைக்கவில்லை.

மேலாளர் வந்து நின்று முகத்தை இரு பக்கமும் பார்த்தார்.

"பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது. நாளையிலேருந்து தினமும் இப்படியே வந்துடுங்க."

தினமும். திங்கட்கிழமையைத் தாண்டி மூன்று பேரில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். மேலாளர் உள்ளே போவதற்குக் கதவு திறந்தது.